உப்பாத பன்னும் உருகிய சிலுவையும்

கேள்வி: இங்கிலாந்தில் புனித வெள்ளிக்குச் சுடும் ஹாட் கிராஸ் பன்னை, அதாவது மேலே சிலுவைக் குறி போட்ட மசாலா இனிப்பு பன்னை, வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு மணி நேரம் வைத்தும் மாவு பாதிதான் உப்பியது, பன் கல்லு மாதிரி வந்தது. மேலே ஐசிங்கில் போட்ட சிலுவையும் ஓவனில் உருகி வழிந்துவிட்டது. எங்கே தப்பு?
– ஒரு வாசகி

பதில்: நேரம் போதவில்லை, அவ்வளவுதான். இது சாதா பன் மாவு இல்லையே, சர்க்கரை, வெண்ணெய், முட்டை எல்லாம் சேர்ந்து கனத்துக் கிடக்கிறது, போதாததற்குப் பட்டையும் கிராம்பும் ஈஸ்ட்டை மந்தமாக்கும். அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள், இரண்டு மடங்காக இரண்டு மணி நேரம் பிடித்தாலும் பிடிக்கட்டும். அவசரப்பட்டு ஈஸ்ட்டைக் கூட்டாதீர்கள், புளிச்ச வாடை வந்துவிடும்.

நான் அரை கிலோ மைதாவுக்கு 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், 75 கிராம் சர்க்கரை, 50 கிராம் வெண்ணெய், ஒரு முட்டை, ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு, வெதுவெதுப்பான பால் 250 மில்லி போலச் சேர்ப்பேன். பட்டை, ஜாதிக்காய், சுக்கு, கொத்தமல்லி விதை பொடித்து இரண்டு டீஸ்பூன், கிராம்பு மட்டும் ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்த பிறகுதான் உலர்திராட்சை, முன்னாடியே போட்டால் நசுங்கிப்போகும். உப்பியதும் 12 உருண்டை பிடித்து, தட்டில் நெருக்கி வைத்து, இன்னொரு முறை உப்ப விடுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

சிலுவைக்கு ஐசிங் கூடவே கூடாது. மைதாவைத் தண்ணீரில் கெட்டியாகக் குழைத்து, கவரில் அடைத்து, மூலையை வெட்டி, ஓவனில் வைக்கும் முன்னால் பிழிய வேண்டும். அது இனிக்காது, இனிக்க வேண்டியதும் இல்லை. 200 டிகிரியில் இருபது நிமிடம், எடுத்த சூட்டோடு சர்க்கரைப் பாகு தடவினால் பளபளப்பு வந்துவிடும்.

1592-ல் லண்டனில் மசாலா ரொட்டி விற்கவே தடை போட்டார்கள், சவ அடக்கம், கிறிஸ்துமஸ், புனித வெள்ளி இந்த மூன்றுக்கு மட்டும்தான் விலக்கு. அப்படிக் காத்திருந்து தின்ற பண்டம் இன்று அந்த ஊர்க் கடைகளில் ஜனவரியிலேயே வந்துவிடுகிறது, சாக்லேட் எல்லாம் போட்டு. எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

சரி, கல்லான பன்களை எறிந்துவிடாதீர்கள். குறுக்கே வெட்டி, தோசைக்கல்லில் வாட்டி, வெண்ணெய் தடவிக் கொடுங்கள், பிள்ளைகள் சாப்பிடுவார்கள்.