குடும்பிமலையில் கையோடு வந்த கல்

மட்டக்களப்பின் குடும்பிமலையில் ஏறும்போது பிடித்த விளிம்பு ஓடு போலக் கழன்று வந்துவிட்டது, அந்தப் பாறையே உக்கிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. ஊரில் கருங்கல் என்றாலும் அது நைஸ் எனும் உருமாறிய பாறை. மட்டக்களப்பு, அம்பாறையின் அடிப்பாறை பெரும்பாலும் விஜயன் தொகுதி எனும் இந்தப் பழைய பாறைக் கூட்டம்தான். உடைந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள்: வெளிறிய கனிமங்களான பெல்ட்ஸ்பாரும் குவார்ட்சும் ஒரு வரி, கறுத்த கனிமமான மைக்கா ஒரு வரி.

நிலத்தின் ஆழத்தில் நெரிபட்டுக் கிடந்த பாறை, மேலிருந்த பாரம் அரித்துப் போனதும் வெங்காயத் தோல்போல மேற்பரப்புக்கு இணையாகப் பிளக்கிறது. உங்கள் கையில் வந்தது அந்தத் தோல். ஆகவே பிடிக்கும் முன் விரல் முட்டியால் தட்டுங்கள். வெறும் பானைபோல ஒலித்தால் தொடாதீர்கள். கெட்டியாக ஒலித்தாலும் கீழ்நோக்கியே இழுங்கள், வெளிப்பக்கம் வேண்டாம்.

உண்மையில் இந்த மொட்டைப் பாறைகளில் கையைவிடக் காலை நம்ப வேண்டும். மைக்கா அரிபட, குவார்ட்ஸ் மணிகள் துருத்தி நிற்கும்; ரப்பர் அடிப்பாகம் அதில் நன்றாகப் பற்றும். கறுப்புக் கோடுகளை மட்டும் தவிருங்கள். மழைநீர் வழியும் அந்தத் தடங்களில் பாசி இருக்கும், நனைந்தால் சவர்க்காரம்தான். என் முழங்கால் தேய்ந்தது அங்கேதான், அதுவும் ஒரு மார்கழியில்.