புத்தர் வயிற்று மூங்கில் நேராக வளர்கிறதே?

கழிகள் தொப்பை போல உப்பியிருப்பதுதான் இந்த மூங்கிலின் அடையாளம்; உங்கள் செடியில் அது நின்றுபோய்க் கழிகள் நேராக வருகின்றன என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்கெனவே நேராக வளர்ந்துவிட்ட கழிகளுக்கு இனித் தொப்பை விழாது. முளை மண்ணைவிட்டு வந்து கணுவிடைகள் (இரண்டு கணுக்களுக்கு நடுவில் உள்ள பகுதிகள்) நீளும் காலத்திலேயே உருவம் நிலைத்துவிடும். அதனால் அவற்றை விட்டுவிட்டு, அடுத்து வரும் முளைகளைக் கவனியுங்கள்.

சாடியில் இருந்தவரை உருண்டையாக இருந்தது, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள வீட்டு முன்னால் தரையில் நட்டதும் மாறிவிட்டது என்கிறீர்கள். இது நோய் இல்லை. செடிக்கு வசதி கூடிவிட்டது. வேருக்குத் தாராளமான இடம், நம் ஊர் மழை, அதற்கு மேல் நீங்கள் மூடாக்காகப் போட்ட செம்பனைக் குலைச் சக்கை (பழம் எடுத்த பின் மிஞ்சும் வெறுங்குலை). நல்ல மண் கிடைத்தால் இந்த மூங்கில் மற்ற மூங்கில் போலவே நேராக உயரும். வேர் நெருக்கமும் தண்ணீர்க் குறைவும் இருந்தால்தான் கணுவிடை குறுகி உப்பும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. தூறின் ஓரத்தில் இரண்டு மூன்று கழிகளை அடிக்கிழங்கோடு பிரித்து, சின்னச் சாடியில் வைத்து, மழை படாத, ஆனால் வெயில் வரும் இடத்தில் வையுங்கள். முதலில் நன்றாகத் தண்ணீர் விட்டு வேர் பிடிக்க விடுங்கள். புது இலை வந்த அப்புறம் மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர். யூரியா வேண்டவே வேண்டாம். அடுத்த முளைகள் உப்பி வந்தால் காரணம் உறுதி.

ஆனால் ஒன்று, காயவிடுவதற்கும் அளவு இருக்கிறது. இலைகள் நீளவாக்கில் சுருண்டால் உடனே தண்ணீர் கொடுங்கள். தரையிலேயே தொப்பை வேண்டும் என்றால் நர்சரியில் ‘வாமின்’ என்ற வேறொரு மூங்கில் வகையைக் கேளுங்கள். அதில் அடிப்பகுதிக் கணுவிடைகள் தரையிலும் பெரும்பாலும் உப்பியே வரும்.