வீட்டில் வெளிச்சம்: கேள்வி பதில்

கேள்வி: சார், சமையலறையில் 20 வாட் எல்இடி டியூப் இருக்கிறது. ஆனாலும் காய் நறுக்கும் இடம் மங்கலாகவே தெரிகிறது. 36 வாட் மாற்றலாமா?

பதில்: வேண்டாம். பல ஃபிளாட்டுகளில் டியூப் சமைப்பவரின் முதுகுப் பக்கச் சுவரில்தான் இருக்கும். மேடையில் விழுவது உங்கள் நிழல். வாட்டைக் கூட்டினாலும் நிழல் அங்கேயே இருக்கும். 20 வாட் டியூப் சுமார் 2000 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளி) தரும்; பத்துக்குப் பத்து அடி அறையில் அது ஏறத்தாழ 100 லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு). கத்தி பிடிக்கும் இடத்துக்கு 300 லக்ஸாவது வேண்டும். மேல் கப்போர்டின் அடியில் 2 அடி நீள, 10 வாட் எல்இடி பேட்டன் (ஒல்லியான பட்டை விளக்கு) ஒன்று போதும். அதைக் கப்போர்டின் முன் விளிம்பை ஒட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். சுவரோரம் வைத்தால் டைல்ஸில் பட்டுக் கண் கூசும். கப்போர்டு இல்லையென்றால் மேடையை ஒட்டிய சுவரிலேயே ஆறரை அடி உயரத்தில் வைக்கலாம். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம். சூட்டில் விளக்குக்குள் இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று சீக்கிரம் போய்விடும். எண்ணெய்ப் பிசுக்கை மாதம் ஒருமுறை துடையுங்கள், சுவிட்சை அணைத்துவிட்டு.

கேள்வி: வாடகை வீடு, துளை போட விடமாட்டார்கள்.

பதில்: யுஎஸ்பியில் ஓடும் எல்இடி ஸ்ட்ரிப்பை இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டுங்கள். ஒட்டுமுன் பிசுக்கைத் துடைக்காவிட்டால் கழன்று விழும்.

கேள்வி: பிளவுஸ் தைக்கிறேன். இரவில் பொருத்தமாகத் தெரிந்த நூல் காலையில் வேறு நிறமாக இருக்கிறது.

பதில்: நிறத்தை உள்ளபடி காட்டும் திறன் உங்கள் பல்பில் குறைவு. அந்தத் திறனைச் சொல்லும் எண்தான் சிஆர்ஐ; அட்டையில் அது 90 அல்லது அதற்கு மேல் என்று பார்த்து வாங்குங்கள். சாதாரண பல்பில் 80தான் இருக்கும். வளைக்கக்கூடிய கழுத்துள்ள விளக்கில் அதைப் போட்டு, ஊசிக்கு இடப்பக்கம் ஓர் அடி தூரத்தில் வையுங்கள். தூரம் பாதியானால் வெளிச்சம் கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். கறுப்புத் துணியில் கறுப்பு நூல் ஓட்டும்போது இது மிகவும் உதவும்.

கேள்வி: அப்பாவுக்கு 68 வயது. ஹாலில் எனக்குப் போதுமான வெளிச்சத்தில் அவரால் பேப்பர் படிக்க முடியவில்லை.

பதில்: அறுபது வயதுக் கண்ணின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதுக் கண்ணில் எட்டுவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஹால் முழுவதையும் பிரகாசமாக்கினால் கூச்சம்தான் மிஞ்சும். அவர் நாற்காலியின் தோளுக்குப் பின்னால், ஷேடு போட்ட 9 வாட் ஸ்டாண்டு விளக்கு வையுங்கள். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்றால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள், கண்புரையாக இருக்கலாம்.

கேள்வி: அணைத்த பிறகும் எல்இடி பல்பு லேசாக மின்னுகிறது.

பதில்: சுவிட்சில் சிறிய இண்டிகேட்டர் இருந்தால் அதன் வழியாகக் கசியும் மின்சாரம் காரணமாக இருக்கலாம், ஆபத்து இல்லை. இண்டிகேட்டர் இல்லையென்றால், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பிக்குப் பதில், அது திரும்பும் நியூட்ரல் கம்பியில் சுவிட்ச் போட்டிருக்க வாய்ப்புண்டு. அப்படியானால் அணைத்த பிறகும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரிசெய்யும் வரை, மெயினை அணைக்காமல் அந்தப் பல்பைக் கழற்றாதீர்கள்.