கோட்டும் கூப்பிய கையும்

அன்புள்ள சார்,

இரண்டாம் உலகப்போர் நேரத்தில் அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ இதழுக்கு வரைந்த அகதிப்பெண் அட்டைப்படத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். இடிபாடுகளுக்கு நடுவே கைகூப்பி உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண் மனசை என்னவோ செய்தாள். அப்புறம்தான் தெரிந்தது, அவர் உள்ளூர் ஆட்களை உட்காரவைத்துப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வரைகிறவர் என்று. ஏமாந்துவிட்டேனோ?

க.

அன்புள்ள க.,

அதில் ஏமாற்று ஒன்றுமில்லை. 1930களின் நடுவிலிருந்தே அவர் வேலைசெய்த முறை அதுதான். வெர்மான்ட் மாநிலத்தில் ஆர்லிங்டன் என்ற சின்ன ஊரில் இருந்தார், அக்கம்பக்கத்தவர்தான் மாடல்கள். பழைய ஓவியர்கள் வரைந்த மாதாக்களும் ஏதோ ஒரு தெருவில் இருந்த பெண்கள்தானே?

என் உறுத்தல் வேறு. அந்த இதழின் தேதி 1943 நவம்பர் 27. அமெரிக்கர்களின் நன்றி நாள் அதற்கு இரண்டு நாள் முன்னால்தான். நேச நாட்டுப் படைகள் ஜூலையில் சிசிலியிலும் செப்டம்பரில் இத்தாலியப் பெருநிலத்திலும் இறங்கியிருந்தன. அட்டைப்படத்தை வாரக்கணக்கில் முன்னதாகவே கொடுத்தாக வேண்டும் என்பதால், செய்தியின் சூடு ஆறும் முன்பே வரைந்திருப்பார். படத்தில் அந்தப் பெண் மேல் அமெரிக்க ராணுவக் கோட்டு. பக்கத்தில் கைதிகளைப் பூட்டும் சங்கிலி. விடுதலை வந்துவிட்டது, நன்றி சொல்கிறாள். சரி.

சுவர்களை இடித்தது யார்? படம் அதைச் சொல்வதில்லை. ஜெர்மானியர்கள் அழித்தது நிறைய, மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டு ஜூலை 19ஆம் தேதி ரோமின் சான் லொரென்ஸோ பகுதியில் குண்டு போட்டவை அமெரிக்க விமானங்கள். அங்கிருந்த பழைய தேவாலயமும் தப்பவில்லை. கோட்டு கொடுத்தவர்களுக்கும் இடிபாட்டில் பங்கு உண்டு. பத்திரிகைக்கு இதை வரையச்சொல்லிக் கேட்க முடியாதுதான். வீட்டு வரவேற்பறை மேசையில் கிடக்கப்போகிற அட்டை அது.

உங்கள் கடிதம் வந்ததும் படத்தை மறுபடி எடுத்தேன். கோட்டைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தேன். அமெரிக்கா போய்விட்டது, ஒரு பெண்ணும் கற்களும் கூப்பிய கையும் மிஞ்சின. அந்தக் கை நன்றி சொல்கிறதா, எதையாவது கேட்கிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை. நீங்களும் மறைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.