தனித்தீவுக்குக் கட்டிய முன்பணம் திரும்ப வருமா?

கேள்வி: பிள்ளைகளோடு கூட்டமில்லாத ஒரு தீவுக்குப் போய்க் கடலைப் பார்த்துவர வெகுநாள் ஆசை. ‘மன்னார் வளைகுடாவில் தனித்தீவு, இரவு கூடாரம், கேம்ப் ஃபயர், பவளப்பாறைமேல் நடக்கலாம்’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது. ஆளுக்கு 6,500 ரூபாய் என்று பேசி, 10,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பிவிட்டேன். ரசீது கேட்டால், “நேரில் வாங்க, தர்றோம்” என்கிறார்கள். மீதியைக் கட்டலாமா?
– ஓர் ஆச்சி, தேவகோட்டை

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள் ஆச்சி. அவர்கள் விற்பது அவர்களுடைய சரக்கே இல்லை.

ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் உள்ள 21 தீவுகள் 1986-இல் கடல் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால்வைக்க முடியாது. தீ மூட்டுவது குற்றம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளப்பாறைக்குப் புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணைப் பாதுகாப்பு உண்டு. அதன்மேல் நடக்கலாம் என்று ஆசைகாட்டுவதே தப்பு. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டியே அந்த 21-இல் இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. சுண்ணாம்பு பூசிய வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்து வளர்ந்த நமக்குச் சுண்ணாம்பின் அருமை தெரியும். அதற்கு அந்தத் தீவுகள் கொடுத்த விலையும் தெரிய வேண்டும்.

பணத்துக்கு வருவோம். விளம்பரத்தையும் ஜிபே ரசீதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். “வனத்துறை அனுமதிச் சீட்டின் நகலை அனுப்புங்கள், இல்லையென்றால் பணத்தைத் திருப்புங்கள்” என்று தேதி குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். நழுவினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போனையே அணைத்துவிட்டால் அன்றே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி, ஆள் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் சிவகங்கை மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இதற்காகத் தீவு ஆசையை விட்டுவிடாதீர்கள். பாம்பன் பக்கம் குந்துகாலில் இருந்து வனத்துறையே குருசடைத் தீவுக்குப் பகலில் படகு விடுகிறது. போன தை மாதம் போய்வந்தேன். படகு வேகம் குறைந்ததும் ஓரமாகக் குனிந்து பார்த்தேன்: கடற்புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது, நடுவே தேன் நிறத்தில் ஒரு பவளப்பாறை, அதன் இடுக்கிலிருந்து கட்டைவிரல் அளவு மீன் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடியது. நலமாக உள்ள பவளம் வெள்ளையாக இருக்காது ஆச்சி. கடைகளில் வெள்ளையாக வைத்து விற்பது அதன் எலும்பு. பிள்ளைகள் அடம்பிடித்தாலும் வாங்கித் தராதீர்கள், வாங்குவதும் குற்றம்தான்.

கிளம்புமுன் வனத்துறை அலுவலகத்தில் படகு ஓடுகிறதா என்று விசாரித்துவிடுங்கள். ஆடிக் காற்றில் அந்தப் பக்கத்துக் கடல் பொல்லாதது. அதை ஆண் கடல் என்றே சொல்வார்கள். லைஃப் ஜாக்கெட் பிள்ளை அளவுக்குச் சரியாக இருக்கிறதா என்று நீங்களே வாரை இழுத்துப் பாருங்கள். குடிதண்ணீர் கையோடு இருக்கட்டும்.

அன்று படகு இல்லையென்றால் தொண்டி தாண்டிக் காரங்காட்டுக்குப் போகலாம், தேவகோட்டைக்கு இன்னும் பக்கம். அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப்போகிறார்கள். ஊர்க்காரர்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்துவதால் நீங்கள் கொடுக்கும் காசு அந்த ஊருக்கே போய்ச் சேரும்.