குதிக்கத் தெரியாத மூன்று வயதுப் பையன், புகார் சொல்லும் கீழ்வீட்டுக்காரர்

பையனுக்கு மூன்று வயதாகியும் இரண்டு காலையும் சேர்த்துக் குதிக்க வரவில்லை, வீட்டில் பழக்கினால் கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சரி, குதிப்பதை வாய்ட் டெக்குக்கு, அதாவது புளோக்கின் கீழ்த்தளத் திறந்தவெளிக்கு மாற்றிவிடுங்கள். தடைப் பலகை இருந்தாலும் அது பெரும்பாலும் பந்து விளையாட்டுக்குத்தான், தவளைக் குதிப்புக்கு இல்லை!

முதலில் முழங்காலை மடக்கி எழும் பலம் வேண்டும். கீழே கிடக்கும் இலை, மூடி எதையாவது குந்திக் குந்திப் பொறுக்கவிடுங்கள். அப்புறம் தரையை ஒட்டிய கடைசிப் படியில் நிறுத்தி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதிக்கச் சொல்லுங்கள். ஒரு காலை முன்னால் வைத்து இறங்கத்தான் பார்ப்பான், திட்டாதீர்கள். பயம் தெளிந்ததும் ஒரு கையை விடலாம். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை மணலில் வெறுங்காலோடு ஓடினால் கணுக்கால் உறுதிப்படும், விழுந்தாலும் அவ்வளவாக வலிக்காது. ஒற்றைக் காலில் நொண்டியடிப்பது இப்போது வேண்டாம், அது நான்கு வயது வாக்கில் வருவது.

வீட்டுக்குள் நண்டு நடை, கரடி நடை போதும். சத்தம் வராது.

ஒன்று மட்டும். பெரும்பாலான பிள்ளைகள் இரண்டரை வயதிலேயே குதித்துவிடுவார்கள். அதனால் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ஒருமுறை காட்டுங்கள், பிள்ளையின் சுகாதாரக் கையேட்டையும் எடுத்துக்கொண்டு. அடிக்கடி விழுகிறான், நுனிக்காலில் நடக்கிறான் என்றால் தள்ளிப்போடவே வேண்டாம்.