எந்தப் புத்தகத்தை வாங்குவது?

கேள்வி: உளவியல் முதுகலை முடித்துவிட்டு ஒரு தெரபிஸ்டிடம் பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். சிகிச்சை முறைகளுக்கு நல்ல கையேடு ஒன்று வாங்க வேண்டும். எல்லாமே தலையணை சைஸில் இருக்கின்றன. எதை எடுப்பது?

பதில்: தலையணைகளில் இரண்டு ஜாதி உண்டு. ஃபிராய்ட், ரோஜர்ஸ், எல்லிஸ், பெக் என்று சிகிச்சை முறைகளை உருவாக்கியவர்களுக்கு ஆளுக்கொரு அத்தியாயம் ஒதுக்கியவை ஒன்று. பரீட்சைக்கு உதவும், எதிரே ஒருவர் உட்கார்ந்து அழும்போது உதவாது. ஒரு முறையை அமர்வு அமர்வாக எப்படிச் செய்வது என்று காட்டுபவை இன்னொன்று. முதலாவதைத்தான் ஏற்கெனவே படித்திருப்பீர்களே, இரண்டாவதை வாங்குங்கள்.

வாங்குமுன் பேனிக் அட்டாக் (திடீரென்று பயம் உச்சத்துக்கு ஏறுவது) பற்றிய பகுதியைப் புரட்டுங்கள். ‘தவறான எண்ணங்களை மாற்ற வேண்டும்’ என்று ஒரு வரியில் முடித்திருந்தால் மூடி வைத்துவிடலாம். நெஞ்சு படபடப்பதை மாரடைப்பு என்று நினைத்துப் பயப்படுவதால் படபடப்பு இன்னும் கூடுகிற அந்தச் சுழலை வந்தவரோடு சேர்ந்து தாளில் வரைவது, வேகவேகமாக மூச்சுவிடச் சொல்லி அதே படபடப்பை அறைக்குள்ளேயே வரவழைத்துக் காட்டுவது, ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவரிடம் அதை மருத்துவரைக் கேட்காமல் செய்யக்கூடாது என்பது, வீட்டுப்பாடத்தைச் செய்யாமலே அடுத்த வாரம் வந்து நின்றால் என்ன பேசுவது, இவ்வளவும் இருந்தால் எழுதியவர் நிஜமாகவே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்.

அப்புறம் பதிப்பு ஆண்டு. பிடிஎஸ்டியை (பெரும் அதிர்ச்சிக்குப் பின் வரும் மனப் பாதிப்பு) பதற்றக் கோளாறுகளுக்குள் வைத்திருந்தால் அது 2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலுக்கு முந்தைய வகைப்பாடு. ரோஜர்ஸ் அத்தியாயத்துக்கு இதெல்லாம் பொருட்டில்லை, அதைப் பழைய பதிப்பிலேயே படிக்கலாம்.

கேள்வி: எல்லா முறையும் ஒரே பலன்தான் தருமாமே! அப்படியென்றால் கையேடு எதற்கு?

பதில்: 1936-லேயே அமெரிக்க உளவியலாளர் ரோசன்ஸ்வைக் கிட்டத்தட்ட இதைச் சொல்லிவிட்டார், எல்லா முறைகளுக்கும் பொதுவான சில அம்சங்கள்தான் வேலை செய்கின்றன என்று. நல்ல உறவு இல்லாமல் எந்த முறையும் நகராது, சரி. ஆனால் ஓசிடியால் (பயத்தைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கோளாறு) நாளெல்லாம் கை கழுவுகிறவரிடம் ‘ஒன்றும் ஆகாது’ என்று அன்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தால் அந்த ஆறுதலே அவருக்கு இன்னொரு கழுவலாகிவிடும். கழுவாமல் அந்தப் பயத்தோடு இருந்து பழகத்தான் அவருக்குத் துணை வேண்டும், அதையும் படிப்படியாக. அந்தப் படிகளுக்குத்தான் கையேடு. எதை எடுப்பது என்று இன்னமும் குழம்பினால் உங்கள் தெரபிஸ்ட் எந்த முறையில் வேலை செய்கிறாரோ அதற்கான கையேட்டையே வாங்குங்கள், தப்பு செய்யும்போது திருத்த ஆள் பக்கத்திலேயே இருக்கும்.